‘இது என்ன?’ – கொரிய நாட்டார் பயிலும் தியானம்

ஓட்டப் போட்டி உண்டு. பேச்சுப் போட்டி உண்டு. கோலப் போட்டியும் உண்டு. சும்மா இருப்பதற்கு ஒரு போட்டி உண்டா? உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தென்கொரியாவின் தலைநகரான சியோலில், நகர மண்டபத்தின் முன்னுள்ள திடலில் அப்படி ஒரு போட்டி நடந்தது. ஊப்சியாங் என்னும் புனைபெயர் கொண்ட கலைஞர் ஒருவர் அதனைத் தோற்றுவித்தார். முதற் பரிசைத் தட்டிச் சென்றவள் ஒன்பது வயதுச் சிறுமி!

போட்டியின் விதிகள் எளியவை. ஒன்றரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தூங்கக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரின் இதயத் துடிப்பும் அளக்கப்படும். சுற்றி நிற்கும் மக்கள் தமக்குப் பிடித்தவர்களுக்கு வாக்களிப்பர். அதிக வாக்குப் பெற்றவர்களுள் எவருடைய துடிப்பு சீராக இருந்ததோ அவரே வென்றவர். 2016இல் கிரஷ் என்னும் பாடகர் வென்றார். 2024இல் பனித்தரை விரைவோட்ட வீரர் குவாக் யூன்கி கலந்துகொண்டார்.

‘மொங்’ என்பது இந்நிலைக்குக் கொரியர் வழங்கும் சொல். “ஏனடா பிரமை பிடித்தவன் போல் உட்கார்ந்திருக்கிறாய்?” என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்களே, அதுதான் மொங். நெருப்பைப் பார்த்தபடி சும்மா இருப்பது ‘புல்மொங்’. நீரைப் பார்த்தபடி இருப்பது ‘முல்மொங்’. விடுமுறை நாளில் இதற்காகவே ஊர்ப்புறம் செல்வோர் உளர்.

கேட்பதற்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், சும்மா இருப்பதற்கும் ஒரு விழா எடுக்க வேண்டிய நிலை ஒரு நாட்டுக்கு ஏன் வந்தது என்பது வேடிக்கையான கேள்வி அன்று. அந்த நாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தியானம் பயின்று வரும் நாடு என்பதை எண்ணும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து, தேர்வும் ஆய்வும் வேலைக் கவலையும் மாறி மாறி அழுத்த வாழும் நமக்கு இதில் அறிய வேண்டியது உண்டு.

சொற்கள் நடந்த வழி

புத்த சமயம் கொரியாவில் நுழைந்தது கி.பி. 372இல். அன்று அத்தீபகற்பத்தில் மூன்று அரசுகள் இருந்தன. வடக்கே இருந்த கொகுரியோ நாட்டுக்குச் சீனத்திலிருந்து துறவி ஒருவர் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 384இல், தென்மேற்கே இருந்த பெக்சே நாட்டுக்கு மாரானந்தர் என்னும் துறவி வந்தார். அவர் இந்தியர் என்று கொரிய வரலாறு கூறும். பின்னர்ச் சீனத்தின் தியான நெறியும் கொரியாவுக்குச் சென்றது.

‘தியானம்’ என்னும் வடசொல்லைச் சீனர் ‘சான்’ ஆக்கினர். கொரியர் ‘சொன்’ என்றனர். சப்பானியர் ‘சென்’ என்றனர். உலகெங்கும் இன்று பேசப்படும் ‘சென்’ நம் நாட்டிலிருந்து புறப்பட்ட சொல்லின் தேய்ந்த உருவமே. அந்நெறியின் முதல் ஆசானாகப் போற்றப்படும் போதிதருமரைக் கொரியர் ‘தால்மா’ என்பர். பெரிய கண்களும் தாடியும் கொண்ட அவருடைய ஓவியம் பல கொரிய வீடுகளில் தொங்குவதைக் காணலாம். அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதனினும் பழைய மற்றொன்று அவரைப் பாரசீகர் என்கிறது. ஆதலின் அவரை ‘நம்மவர்’ என்று அடித்துப் பேசுவதைக் காட்டிலும், அவர் பெயரால் வளர்ந்த நெறியை அறிந்துகொள்வதே நமக்கு ஏற்றது.

இன்னும் இரண்டு சொற்கள் சுவையானவை. கொரியத் துறவியர் உண்ணும் கலத்துக்குப் ‘பாரு’ என்று பெயர். அது நாம் அறிந்த ‘பாத்திரம்’ என்னும் சொல்லின் மரபில் வந்தது. மடத்து உணவில் ஐந்து காரப் பொருள்களை விலக்குவர். பூண்டு, வெங்காயத்தாள் முதலியவற்றோடு ‘ஹுங்கோ’ என்பதும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அது என்ன தெரியுமா? நம் சாம்பாரில் மணக்கும் பெருங்காயம்! ‘இங்கு’ என்னும் அதன் வடமொழிப் பெயரே அங்கு அப்படி ஆயிற்று. கொரிய மண்ணில் பெருங்காயம் விளைவதில்லை. விளையாத பொருளை விலக்கும் விதியும் நூலோடு நூலாகக் கடல் கடந்து போயிருக்கிறது.

மலை மடத்தில் ஒரு பருவம்

கொரியத் தியானத்தின் தனிச்சிறப்பு ‘ஹுவாது’ என்பது. இதற்குப் ‘பேச்சின் தலை’ என்று பொருள். ஆசான் மாணவனுக்கு ஒரு கேள்வியைக் கொடுப்பார். அறிவால் விடை காண முடியாத கேள்வி அது. கொரியாவில் மிகுதியும் வழங்கும் ஹுவாது ‘இமொட்கோ?’ என்பது, அது தென்கிழக்கு வட்டார வழக்கு, ‘இது என்ன?’ என்பது பொருள். பார்ப்பது எது? கேட்பது எது? இந்த உடலை எழுப்பி இங்கே உட்கார வைத்தது எது? விடையைத் தேடி ஓடாமல், அந்த ஐயத்தையே நெஞ்சில் தாங்கி உட்கார்ந்திருத்தல் பயிற்சி. விஞ்ஞானம் பயிலும் நமக்கு இது ஒரு வகையில் பழகிய நிலைதான். விடை கிடைக்காத நாளிலும் கேள்வியை விடாமல் வைத்திருப்பவன்தானே ஆய்வாளன்? ஆனால் ஒரு வேறுபாடு. நாம் கேள்வியை வெளியே திருப்புகிறோம். அவர்கள் கேட்பவன் மீதே திருப்புகிறார்கள்.

ஆண்டுக்கு இரு முறை, கோடையில் மூன்று திங்களும் குளிர்காலத்தில் மூன்று திங்களும், துறவியர் மடத்தை விட்டு வெளியேறாமல் தியானத்தில் அமர்வர். இதுவும் நம் நாட்டு வழக்கத்தின் தொடர்ச்சியே. மழைக்காலத்தில் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது பண்டை இந்தியத் துறவியரின் விதி. கொரியாவில் குளிர் கடுமை. ஆதலின் அவர்கள் குளிர்காலத் தங்கலையும் சேர்த்துக்கொண்டனர்.

தங்கலில் நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி, சில மடங்களில் அதற்கும் மேலாக அமர்வர். ‘ஜுக்பி’ என்னும் பிளந்த மூங்கில் மும்முறை தட்டப்படும், அமர்வு தொடங்கும். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அமர்ந்தபின் மீண்டும் ஒலி, பத்து நிமிடம் வரிசையாக நடப்பர், மறுபடியும் அமர்வர். புத்தர் ஞானம் பெற்ற நாளை ஒட்டி, ஏழு நாள் படுக்காமல் தியானம் செய்யும் வழக்கமும் உண்டு.

பனிக்கட்டியும் வெயிலும்

இந்நெறியைக் கொரிய மண்ணுக்கு ஏற்ப வகுத்தவர்களுள் தலையாயவர் ஜினுல் (1158–1210). தெற்கே ஜோக்யே மலையிலுள்ள சொங்குவாங்சா மடம் அவரால் புகழ் பெற்றது. ‘உணர்வு ஒரு நொடியில் வரும், பழக்கம் மெல்ல மெல்லத்தான் மாறும்’ என்பது அவர் கொள்கை. உறைந்த குளம் முழுவதும் நீரே என்று அறிந்துவிடலாம். ஆனால் அது உருகி வயலுக்குப் பாய வேண்டுமானால் வெயில் காய வேண்டும். இவ்வுவமையை அவர் கையாண்டார்.

இவ்வுவமையில் ஜினுல் காலத்தில் அறியப்படாத மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. பூச்சியம் பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி நீராக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பமும் உள்ளே செல்லும்போது வெப்பமானி ஒரு பாகையும் ஏறிக் காட்டாது. அதனை உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறோம். பயிற்சியும் அப்படித்தான் போலும். நாள்தோறும் அமர்கிறோம், ஒரு மாற்றமும் தெரியவில்லை, ‘வீண் வேலை’ என்று எழுந்து விடுகிறோம். மாற்றம் தெரியாத காலம் மாற்றம் நடவாத காலம் அன்று.

ஜினுலின் கொள்கையை எல்லாரும் ஒப்பினாரல்லர். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதனை எதிர்த்து வாதிட்டவர் ஹேயின்சா மடத்துச் சொங்ச்சொல் (1912–1993). உணர்வு முழுமையானால் பின்னர்ப் பயிற்சிக்கு வேலை ஏது என்பது அவர் கட்சி. தம்மைக் காண வருவோர் முதலில் புத்தர் திருமுன் 3,000 முறை விழுந்து வணங்கி வர வேண்டும் என்று விதித்தவரும் அவரே. நாட்டின் பெரியவர்களுக்கும் அவ்விதியில் விலக்கில்லை.

மடத்திலிருந்து மக்களிடம்

மலைமடத்துத் துறவி செய்வதை வயலில் உழைப்பவன் எப்படிச் செய்வான்? இக்கேள்விக்கு விடையாக எழுந்தது ‘வொன்’ புத்த நெறி. சொத்தேசான் (1891–1943) என்பவர் 1916இல் இதனைத் தொடங்கினார். ‘காலமில்லாத தியானம், இடமில்லாத தியானம்’ என்பது அவருடைய முழக்கங்களுள் ஒன்று. வேலை இல்லாதபோது மனத்தை ஒருமைப்படுத்து. வேலை வந்தபோது அந்த ஒருமையோடு நேர்மையாக வேலை செய். இரண்டும் தியானமே என்றார். அவரும் அவருடைய முதல் அடியார்களும் செய்த முதற்பணிகளுள் ஒன்று என்ன தெரியுமா? சிக்கனமாகச் சேமித்துச் சங்கம் அமைத்து, கடலோரச் சேற்று நிலத்தில் அணை கட்டி, அதை நெல் வயலாக்கியது! மண் சுமப்பதும் தியானம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பழைய மடங்களும் கதவைத் திறந்தன. 2002இல் உலகக் கால்பந்துப் போட்டி கொரியாவிலும் சப்பானிலும் நடந்தபோது, வெளிநாட்டு விருந்தினர் தங்குவதற்காக மலைமடங்கள் இடமளித்தன. போட்டி முடிந்தது, வழக்கம் நிலைத்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட மடங்களில் எவரும் ஓரிரவு, ஈரிரவு தங்கலாம். 2015ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் கொரியருள் நூற்றுக்கு 56 பேர் தமக்குச் சமயம் எதுவும் இல்லை என்றனர். பௌத்தர் என்றவர் நூற்றுக்கு 15 அல்லது 16 பேரே. ஆதலின் மடத்துக்குத் தங்க வருவோர் எல்லாரும் பக்தியால் வருவோர் அல்லர். களைத்துப் போய் வருவோர் பலர்.

பொழுது புலருமுன் மரத்தாலான ‘மொக்தாக்’ என்னும் கருவியைத் தட்டிக்கொண்டு துறவி ஒருவர் முற்றத்தைச் சுற்றி வருவார். எழுந்து வழிபாட்டுக்குச் செல்ல வேண்டும். பிறகு 108 வணக்கம். முழங்கால் இரண்டு, முழங்கை இரண்டு, நெற்றி ஆகிய ஐந்தும் தரையில் படுமாறு விழுந்து எழ வேண்டும். ஏன் 108? மனம் உட்படப் புலன் ஆறு, விருப்பு, வெறுப்பு, இரண்டுமில்லாமை என உணர்ச்சி மூன்று, தூய்மை, மாசு என நிலை இரண்டு, காலம் மூன்று. பெருக்கிப் பார்த்தால் 108 வரும். இது ஒரு கணக்கு. வணங்கி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேலாகும், தொடை நடுங்கும், வேர்வை வழியும். உட்கார்ந்து மனத்தை அடக்க முடியாதவனுக்கு இது நல்ல வழி என்பர். மூச்சு வாங்கும் உடலுக்குக் கவலைப்பட நேரமில்லை அல்லவா?

உணவும் ஒரு பயிற்சி. நான்கு கலங்கள்: சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, நீருக்கு ஒன்று. பேசாமல் உண்ண வேண்டும். ஒரு பருக்கையும் எஞ்சக் கூடாது. இறுதியில் ஊறுகாய் முள்ளங்கித் துண்டு ஒன்றால் கலத்தைத் துடைத்து, நீர் விட்டு அலசி, அந்நீரையும் குடித்துவிட வேண்டும். நம் விடுதி உணவுக்கூடத்தின் எச்சில் தொட்டியை ஒரு நாள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இவ்வழக்கத்தின் பொருள் விளங்கும்.

கடல் கடந்த ‘தெரியாது’

1972இல் கொரியத் துறவி ஒருவர் அமெரிக்காவிலுள்ள பிராவிடன்சு நகருக்குச் சென்றார். அவர் பெயர் சுங் சான் (1927–2004). ஆங்கிலம் சரளமாக வராது. சலவைக் கடையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. பகலில் அவ்வேலை, மாலையில் தம் அறையில் மாணவர்க்குத் தியானம் கற்பித்தல். ‘தெரியாது என்னும் மனத்தை விடாதே’ என்பதே அவர் போதனையின் சாரம்.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஜான் கபாட் சின். இவர் நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியாவிடம் ஆராய்ச்சி செய்து, மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1971இல் மூலக்கூற்று உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் 1979இல், மசாசூசெட்சு பல்கலைக்கழக மருத்துவமனையில், நாள்பட்ட வலியால் துன்புறுவோர்க்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சடங்குகளை நீக்கி, மூச்சைக் கவனித்தல், உடலைக் கவனித்தல் முதலியவற்றைக் கற்பித்தார். இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் ‘மனக்கவனப் பயிற்சி’ என்று பரவியிருப்பது பெரும்பாலும் இதன் வழி வந்ததே. அவர் பல ஆசிரியரிடம் பயின்றவர். எனினும் சலவைக் கடைத் துறவிக்கும் அதில் பங்கு உண்டு.

அளவுகோல் என்ன சொல்கிறது?

விஞ்ஞான மாணவர் என்ற முறையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதனால் பயன் உண்டா? மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரையும், வெளிவிடும்போது தாழும். இதனை நாடியில் விரல் வைத்து நீங்களே அறியலாம். மூச்சு மெதுவாகி, நிமிடத்துக்கு ஆறளவில் வரும்போது இந்த ஏற்றத்தாழ்வு மிகத் தெளிவாகும். உடலை அமைதிப்படுத்தும் நரம்பின் ஆட்சி ஓங்கும். கொப்பூழுக்குக் கீழே ‘தான்ஜொன்’ என்னும் இடத்தில் கவனத்தை வைத்து ஆழ மூச்சு விடும் கொரியப் பயிற்சியில் இது இயல்பாக நடக்கிறது.

ஆனால் மிகைப்படுத்தல் ஆகாது. 2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த தொகுப்பாய்வு, 47 சோதனைகளையும் 3,515 பேரையும் ஆராய்ந்தது. கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைந்தன என்பதற்கு மிதமான சான்று கிடைத்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நன்மை உண்டு, அற்புதம் இல்லை என்பதே முடிவு.

தீமையும் வரலாம். இதனைக் கொரியத் துறவியர் முன்பே அறிந்திருந்தனர். ஹுவாதுவை வெறியோடு பற்றி முயல்வோர்க்குத் தலைவலியும் முகம் சூடேறுதலும் வரும். அதனைச் ‘சாங்கி’ என்பர். அப்போது ஆசான் பயிற்சியைத் தளர்த்தச் சொல்வார். உள்ளம் ஏற்கெனவே துயரத்தில் ஆழ்ந்திருப்பவர்க்குத் தனியே கண் மூடி இருப்பது அச்சத்தை மிகுவிக்கவும் கூடும். அத்தகையோர் நாட வேண்டியவர் முதலில் மருத்துவரே.

மருந்தா, மறைப்பா?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இத்துணைப் பழமையான மரபு இருந்தும் கொரிய மக்கள் ஏன் களைத்தனர்?

கொரியாவில் 2018 வரை ஒருவர் வாரத்துக்கு 68 மணி நேரம் வரை வேலை செய்ய இடமிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வழி திறக்கும் தேர்வு நவம்பர்த் திங்களில் ஒரே நாளில் நடக்கிறது. ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் பகுதியின்போது விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அத்தேர்வுக்கு முன் நூறு நாள், தாய்மார் மடங்களுக்குச் சென்று 108 வணக்கம் செய்கின்றனர். பற்றை விடுவதற்காக ஏற்பட்ட வணக்கம், மதிப்பெண்ணை வேண்டும் வணக்கமாகிறது. அத்தாயின் நெஞ்சை நாம் அறிவோம். நம் தாயும் நம் தேர்வுக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள்தான். ஆயின் வளர்ந்த நாடுகளுள் தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடாகக் கொரியா பல ஆண்டுகளாக இருந்து வருவதையும் மறக்க இயலாது.

ஹொங்ச்சொன் என்னும் ஊரில் 2013இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதன் அமைப்பு சிறைச்சாலை! அதை நிறுவியவர் வாரத்துக்கு நூறு மணி நேரம் உழைத்துச் சோர்ந்த அரசு வழக்கறிஞர். ஏறத்தாழ 5 சதுர மீட்டர் அறை. கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவர். கதவிலுள்ள சிறு திறப்பின் வழியே உணவு வரும். முதல் ஐந்தாண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பணம் கொடுத்து அங்கே அடைபட்டனர். மாணவரும் அவர்களுள் இருந்தனர். அங்கிருந்து வெளிவந்தோருள் சிலர், உண்மையான சிறை வெளியேதான் இருக்கிறது என்ற கருத்துப்படப் பேசினர்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் மடத்தில் தங்கித் தெளிந்த மனிதன், மூன்றாம் நாள் அதே சுமையின் கீழ்த் திரும்பச் செல்வானாயின், தியானம் அச்சுக்கு இடும் மசகு எண்ணெய் ஆகிவிடும். வண்டியின் பாரம் குறையாது. 2018இல் கொரிய அரசு சட்டம் இயற்றி, வாரத்தின் வேலை நேரத்தை 52 மணிக்குள் அடக்கத் தொடங்கியது. அது வணக்கத்தால் நடக்கக் கூடியது அன்று. தொழிலாளரும் மக்களும் கேட்டதால் நடந்தது. அதே வேளையில், மிஞ்சிய நேரத்தை என்ன செய்வது என்று சட்டம் கற்பிக்காது. கிடைத்த ஓய்வையும் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு விழித்துக் கிடப்பவனுக்குச் சட்டத்தால் பயன் என்ன? அங்கே தியானம் வேண்டும். இரண்டும் வேண்டும்; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது தவறு.

நமக்கும் இது பொருந்தும். வழிகாட்டி இரவு பகல் பாராமல் வேலை வாங்குகிறார், உதவித் தொகை ஆறு திங்களாக வரவில்லை, மொழி தெரியாத ஊரில் பேசத் துணையில்லை என்று வாடும் மாணவனிடம் ‘தியானம் செய்’ என்று சொல்லி நகர்வது அன்பாகாது. அவனுக்காக அலுவலகத்துக்கு உடன் நடப்பதும், ஒரு வேளை அவனோடு உட்கார்ந்து உண்பதுமே முதற்கடமை. நம் மன்றம் இருப்பது அதற்காகவே.

நாம் செய்யக் கூடியது

இவ்வளவும் சொன்னபின் எளிய முறை ஒன்றைக் கூறுகிறேன். ஆய்வுக்கூடத்தில் குடுவையை வெப்பப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் நமக்கு அடிக்கடி வாய்க்கும். அந்நேரத்தில் பத்து நிமிடம் போதும். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணை முழுதும் மூட வேண்டா. கொரியர் பாதி திறந்தே வைப்பர். பார்வை சில அடி முன்னே தரையில் இருக்கட்டும். மூச்சு அடிவயிறு வரை சென்று மெல்ல வெளிவரட்டும். நினைவு ஓடினால் ஓடட்டும், அதட்ட வேண்டா. ‘இது என்ன?’ என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள். நான் சில திங்களாக இதனைச் செய்து வருகிறேன். ஞானம் எதுவும் வரவில்லை. ஆனால் அளவுகளைக் குறிக்கும்போது கை பதறுவது குறைந்திருக்கிறது.

மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியதாக வரலாறு இல்லை. எல்லாரும் வந்து சேரும்வரை அரட்டையடிக்கும் அப்பத்து நிமிடத்தை, விரும்புவோர் மட்டும் கைப்பேசிகளை மேசைமேல் வைத்துவிட்டு, பேசாமல் அமர்ந்து கழிக்கலாமே! விரும்பாதோர் வழக்கம்போல் வெளியே தேநீர் அருந்தட்டும். ஒரு பருவம் முடிய இப்படிச் செய்து பார்த்து, பயன் உண்டா இல்லையா என்பதைச் செயற்குழுவில் பேசி முடிவு செய்வோம்.